தட்டைப் பிரிக்கிறார்கள், பிளேடைப் பிரிப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்கால நோய்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மஞ்சள் காமாலை வராமலிருக்கத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்வதோடு நின்றுவிட்டது. காமாலைக்குக் காரணமான ஈரல் அழற்சி நோயை ஹெப்படைட்டிஸ் என்பார்கள்; அதன் ஏ, ஈ வகைகளுக்கு அது சரி. ஹெப்படைட்டிஸ் பி தண்ணீரில் வருவதில்லை. ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகியவைதான் அதற்கு வழி. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களில் நர்சம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த நோய் வீட்டுக்குள் எப்படிச் சுற்றுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஒருவருக்கு இந்தக் கிருமி இருப்பது தெரிந்ததும் எங்கள் பக்கத்தில் முதலில் தனியாவது தட்டும் டம்ளரும்தான். மருமகளுக்கு என்றால் பாயும் தனி, சில வீடுகளில் அடுப்பங்கரைக்கே வரக்கூடாது. சேர்ந்து சாப்பிடுவதாலும் தொட்டுப் பேசுவதாலும் இருமலாலும் இது பரவாது. ஆனால் பரவக்கூடிய பொருள்களை யாரும் பிரிப்பதில்லை. அப்பாவும் பிள்ளையும் ஒரே பிளேடில் சவரம் செய்வார்கள். வீட்டுக்கே ஒரு நகவெட்டிதான் இருக்கும். தாலிச் சரட்டில் தொங்கும் ஊக்கை எடுத்து அம்மா எல்லாப் பிள்ளைகளின் காலிலும் முள் எடுப்பாள். சிரங்கும் புண்ணுமாக இருக்கும் பிள்ளைகள் ஒரே பாயில் உருண்டு கிடப்பார்கள். இந்தக் கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்கு ரத்தம் தெரியவேண்டும் என்றுகூட இல்லை.

வீட்டுக்கு வெளியே என்றால் குலதெய்வக் கோயிலில் ஒரே கத்தியில் வரிசையாக மொட்டை, அப்புறம் காதுகுத்து, திருவிழாக் கடையில் பச்சை குத்துவது. காய்ச்சல் என்று போனால் ஊசி போட்டால்தான் திருப்தி என்கிற நம் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொட்டைக்கு ஆளுக்கொரு புது பிளேடு கேட்க நாம் கூச்சப்படவே கூடாது.

வயதுக் கணக்கு இன்னும் முக்கியம். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கிருமி தானே நீங்கிவிடும். பிறக்கும்போது தொற்றினால் நூற்றில் தொண்ணூறு குழந்தைகளிடம் ஆயுளுக்கும் தங்கிவிடும். வலியோ மஞ்சளோ தெரியாமல் பல வருஷம் கழித்து ஈரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வந்து நிற்கும். அதனால், கர்ப்பிணிக்கு இருக்கிறது என்று தெரிந்தவுடன் நடத்தையைச் சந்தேகிக்கும் மாமியார்களிடம் நான் சொல்வது இதுதான்: அவள் பிறந்த அன்றே அவள் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். உங்கள் மகனிடமிருந்தும் வந்திருக்கலாம்.

கீழாநெல்லியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாசகர்கள் கேட்பார்கள். 1988இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு இந்தக் கிருமிக்கு அது பலன் தருவதாகச் சொன்னது. கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதில் இருந்தார். பிறகு வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பெரியவர்களின் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்குவதால், பெயர் இலைக்கும் மந்திரிப்பவருக்கும் போய்விடுகிறது. கையில் சூடு போடுகிறவரிடம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள்.

தடுப்பூசி இருக்கிறது, நல்ல ஊசி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒன்று, பிறகு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் இதையும் சேர்த்து ஐந்து நோய்களுக்குப் போடும் ஊசிகள். தாய்க்கு நோய் இருந்தால் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியையும் 12 மணி நேரத்துக்குள் போடப் பார்ப்பார்கள். இவற்றைப் போட்டுவிட்டால் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். பாட்டிகள் தடுக்க வேண்டாம்.

ஆனால் இந்த ஊசி நாடு முழுக்க அட்டவணைக்கு வந்தது 2011இல்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்கு அது கிடைக்கவில்லை. இன்று கல்யாணம் ஆகிப் பிள்ளை பெறுகிறவர்கள் அவர்கள்தான். கர்ப்பகாலப் பரிசோதனையில் ஒரு பெண்ணுக்கு நோய் தெரிந்தால் குழந்தையைக் கவனித்துக்கொள்கிறார்கள். அத்தோடு சரி. கணவன், மூத்த பிள்ளைகள், அந்தப் பெண்ணின் அம்மா, கூடப்பிறந்தவர்கள் இவர்களை யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலை. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்பவர்களும் உண்டு. இதெல்லாம் தெரியாமலேயே பலர் இருக்கிறார்கள்.

நோய் இல்லாத மற்றவர்களுக்கு மூன்று ஊசி வேண்டும்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. பெரியவர்கள் இதைப் பல இடங்களில் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. பீடி சுற்றும் வீட்டில் நாலு பேருக்கு மூன்று தடவை என்றால் அது நடக்கிற காரியம் இல்லை. நோயாளி இருக்கும் வீட்டாருக்காவது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போட அரசு உத்தரவிட வேண்டும். புதன்கிழமைதோறும் குழந்தைகளுக்கு ஊசி போடும்போது, தூக்கிக்கொண்டு வரும் தகப்பனுக்கும் அங்கேயே ஒன்று போட்டு அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்