கேக் வெட்டிய அன்று நழுவிப்போன தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் கேக் வெட்டிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, நீ கூட்டத்திலிருந்து கழிவறைப் பக்கம் நழுவியதைப் பார்த்தேன். காகிதத் தட்டை ஜன்னல் ஓரமாக வைத்தாய். ஏசி குளிரிலும் உன் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. அரை மணி கழித்து வந்து "தலைவலி" என்றாய். "ஆபரேஷன் பண்ணியும் வாயைக் கட்ட முடியலையா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கழிவறை டைல்ஸில் நெற்றியைச் சாய்த்தால் எவ்வளவு இதமாக இருக்கும் என்பதும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் உன்னைப் போலவே எடை குறைக்க இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவள்தான். அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. உன்னைப் போல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னும் நாலு பேருக்கும் உதவட்டுமே என்று பொதுவில் எழுதுகிறேன். உன் பெயர் இதில் வராது.

உனக்கு வந்தது டம்பிங். ஆபரேஷனுக்கு முன்னால் யாராவது இந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு இருந்த பயத்தில் காதில் ஏறியிருக்காது. இரைப்பையின் அடியில் ஒரு தசைக் கதவு உண்டு. இரைப்பை கூழாக்கிய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் விடுவது அதன் வேலை. நமக்கு அந்தக் கதவைத் தாண்டி வேறு வழி போட்டுவிட்டார்கள். ஒரு முட்டை அளவுகூட இல்லாத, ஏறக்குறைய 30 மில்லி பிடிக்கிற சின்னப் பை. அதற்கு அடுத்தது நேராகச் சிறுகுடல். கேக்கின் சர்க்கரை அங்கே மொத்தமாகப் போய் விழுகிறது. அந்தக் கெட்டிப்பை நீர்க்க வைக்க, ரத்தத்தில் இருக்கும் நீர் குடலுக்குள் இறங்குகிறது. குடல் உப்பி முறுக்குகிறது. ரத்தத்தில் நீர் குறைந்ததும் இதயம் அடித்துக்கொள்கிறது. போதாததற்குக் குடல் ஹார்மோன்கள் வேறு சேர்ந்துகொள்கின்றன. சாப்பிட்ட பத்து நிமிஷம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் இத்தனையும் நடந்து முடிந்துவிடும்.

அப்போது எங்கேயாவது படுத்துவிட்டால் போதும் என்று இருக்கும், இல்லையா? அதைச் சோம்பல் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். 1970இல் சிக்ஸ்டாட் என்ற மருத்துவர் டம்பிங்கைக் கண்டறிய ஒரு மதிப்பெண் பட்டியல் போட்டார். அதில் தலைவலிக்கு 1, படபடப்புக்கு 3, படுக்கவோ உட்காரவோ வேண்டும் என்ற தவிப்புக்கு 4. அதைப் படித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆகவே கூச்சப்படாமல் படு. அரை மணி நேரம் படுத்தால் குடலுக்குள் உணவு இறங்கும் வேகமும் கொஞ்சம் மட்டுப்படும்.

இன்னொன்று. "டம்பிங் நல்லதுதான், இனிப்பைத் தொடவிடாமல் காவல் காக்கும்" என்று உனக்கும் சிலர் சொல்லுவார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. 1913இலேயே ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் இந்தத் தொல்லையை விவரித்தார்; 1922இல் மிக்ஸ் என்பவர் 'டம்பிங்' என்ற பெயரைப் பயன்படுத்தினார். எடை குறைப்பு ஆபரேஷன் என்ற ஒன்றே அப்போது கிடையாது. இரைப்பையைக் குடலோடு இணைத்துத் தைத்த நோயாளிகளிடம் கண்டது அது. பேராசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? காவல்காரன் என்று நம்பிய என்னை அது சாப்பாட்டுக்கே பயப்பட வைத்தது. ஒரு வேளை பட்டினி, அடுத்த வேளை அவசர அவசரமாக நாலு வாய், மறுபடி படபடப்பு. இப்படியே ஒரு மாதம் ஓட்டினேன். இனிப்பே தொடாத நாளிலும், வேகமாகக் குடித்த ஒரு டம்ளர் பால் என்னைக் கவிழ்த்திருக்கிறது.

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். 'மதியம் 1:10 சாப்பாடு, கூடவே தண்ணீர். 1:25 படபடப்பு, வியர்வை. 2:00 சரி.' இரண்டு வாரத்தில் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. பாதி நாள் இனிப்பு இல்லை, தண்ணீர்! சாப்பிடும்போது குடிக்கும் நீர் உணவைக் கழுவிக்கொண்டு கீழே தள்ளிவிடுகிறது. சாப்பாட்டோடு குடிக்காமல், முடித்து அரை மணி கழித்துக் குடி. எனக்கு இதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது. கை தானாக டம்ளரைத் தேடும். மற்றபடி உன் டயட்டீஷியன் சொன்னவைதான்: முதல் வாய் புரதம், ஆறு சின்ன வேளைகள், நன்றாக மெல்லுவது. சர்க்கரை இல்லாத மிட்டாய் என்று நம்பிப் பை பையாக வாங்கிவிடாதே. அதில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சார்பிட்டால் வகையறா வயிற்றைக் கலக்கிவிடும்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படி. இதை எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. டம்பிங்கில் இரண்டாவது வகை ஒன்று உண்டு. சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும். பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் போல ஆன பிறகு, எல்லாம் அடங்கிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது. சர்க்கரை ரத்தத்தில் சட்டென்று ஏறும், உடம்பு இன்சுலினைக் கொட்டும், சர்க்கரை தேவைக்கும் கீழே போய்விடும். எனக்குப் பதினாலாவது மாதம் வந்தது. ஏடிஎம் முன்னால் நிற்கிறேன். தினமும் போடும் நாலு எண் நினைவுக்கு வரவில்லை. விரல் நடுங்குகிறது. பின்னால் நின்றவர் "மேடம், ஆச்சா?" என்கிறார். அவர் சொன்னது காதில் விழுந்தது, அர்த்தம் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து விரலைக் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை வெறும் 48.

பயத்தில் பெரிய டம்ளர் நிறைய ஜூஸ் குடித்தேன். ஏறியது. இரண்டு மணி நேரத்தில் மறுபடி விழுந்தது. குழியை மூட மண் எடுக்கப் பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்டின கதை. 15 கிராம் குளுக்கோஸ், கால் மணி கழித்து மறுபடி பரிசோதனை, தேறியதும் கொஞ்சம் புரதம் என்பதை அதன் பிறகுதான் கற்றுக்கொண்டேன். என் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பில் இருப்பது புதினா மிட்டாய் இல்லை, குளுக்கோஸ் மாத்திரை. சர்க்கரை தாழ்ந்த நேரத்தில் வண்டி ஓட்டாதே. உணவை மாற்றியும் சரியாகவில்லை என்றால் அகார்போஸ் போன்ற மாத்திரைகள் உண்டு, குடல் ஹார்மோன்களை மட்டுப்படுத்தும் ஆக்ட்ரியோடைட் ஊசி உண்டு. அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்தால் சமையலறைச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, அதை உடைப்பதையே அந்த மாத்திரை தடுக்கிறது. குளுக்கோஸ்தான் வேண்டும். இதையெல்லாம் நீயாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதே, மருத்துவரிடம் அந்த நோட்டைக் காட்டு.

மயங்கி விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ தள்ளிப்போடாமல் உடனே போ. விடாத வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் "டம்பிங்தான்" என்று நீயே தீர்ப்பு எழுதிவிடாதே; பைபாஸ் வயிற்றில் குடல் சிக்கிக்கொள்வதும் நடக்கும், அது அவசர சிகிச்சை.

சரி, ரொம்ப நீட்டிவிட்டேன். திங்கட்கிழமை மதியம் என் மேசைக்கு வா. ஒரு முட்டை சாப்பிட எனக்குப் பத்து நிமிஷம் ஆகும், பார்த்துச் சிரிக்கக் கூடாது. தண்ணீர் பாட்டிலை உன் இடத்திலேயே வைத்துவிட்டு வா.

அன்புடன்,
அக்கா