உணர்ச்சியற்ற காலிலும் வலி உண்டு

ஆசிரியருக்கு,

தண்டுவடத்தில் அடிபட்டவர்களை மறுபடி நடக்கவைக்கும் கருவிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் வலியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பிசியோதெரபிஸ்டான என்னிடம் வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது நடையை அல்ல, "இந்த எரிச்சல் நிற்குமா?" என்பதைத்தான்.

தண்டுவடக் காயம் பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நரம்பு வலி வருகிறது. கிள்ளினால் தெரியாத கால் இரவெல்லாம் எரியும், ஷாக் அடித்த மாதிரி சுள்ளென்று இழுக்கும். "உணர்ச்சியே இல்லையே, எப்படி வலிக்கும்?" என்று வீட்டாரே கேட்டுவிட்டால், அப்புறம் அவர் வலியைப் பற்றி வாய் திறப்பதில்லை. சேதம் காலில் இல்லை. காலிலிருந்து வரவேண்டிய செய்திகள் அறுந்துபோனதும், தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள நரம்பணுக்கள் தாமாகவே கிளர்ச்சியடைகின்றன. அதைத்தான் மூளை கால்வலியாக உணர்கிறது. இது கற்பனையோ நடிப்போ இல்லை.

மருந்துகள் உண்டு: ப்ரீகாபலின், கேபபென்டின், அமிட்ரிப்டிலின். இந்த வலிக்கென்றே ப்ரீகாபலினுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-இல் அனுமதி தந்தது. இவற்றால் பலருக்கு வலி குறைகிறது, முழுதாக நிற்பது அபூர்வம். தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் கூடவே வரும். அந்த மயக்கத்தில் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது விழுந்தால் எலும்பு முறியும். அதனால் மாத்திரைச் சீட்டோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

எது எந்த வலி என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சக்கரத்தைத் தள்ளித் தள்ளி வருகிற தோள்வலிக்கு நரம்பு மாத்திரை உதவாது. நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்து, நீளமாக, நிதானமாகத் தள்ளப் பழக்கி, தோள் தசைகளுக்கு வலுவூட்ட வேண்டும். நேற்றுவரை தாங்க முடிந்த எரிச்சல் இன்று திடீரென ஏறினால், மருந்தின் அளவைக் கூட்டும் முன் சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் (கதீட்டர்) அடைத்திருக்கிறதா, கிருமித்தொற்றா, மலச்சிக்கலா, இடுப்பில் படுக்கைப்புண்ணா என்று பாருங்கள். காயத்துக்குக் கீழே நடக்கும் இந்தத் தொல்லைகள் நரம்பு வலியாகவே வெளிப்படுவதுண்டு.

கண்ணை வைத்தே மூளையைப் பழக்கும் முறையும் இருக்கிறது. நோயாளி தன் மேலுடம்பைக் கண்ணாடியில் பார்ப்பார். அதற்குக் கீழே திரையில் வேறொருவரின் கால்கள் நடந்துகொண்டிருக்கும். கைகளை வீசியபடி பார்க்கையில் தானே நடப்பதாகத் தோன்றும். இதோடு மண்டையோட்டின் மேல் மெல்லிய மின்னோட்டமும் கொடுத்தபோது, தனித்தனியாகக் கொடுத்ததைவிட வலி அதிகம் குறைந்ததாக 2010-இல் பார்சிலோனா ஆய்வொன்று காட்டியது. பங்கேற்றவர்கள் குறைவு, எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன்.

மனநல ஆலோசனை என்றதும் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்படுகிறார்கள். அது எரிச்சலை அணைத்துவிடாதுதான். ஆனால் தூக்கம் திரும்பி, வலிக்குப் பயந்து வெளியே போகாமல் கிடக்கும் நிலை மாறினால், அதுவே பெரிய மாற்றம்.

அடுத்து எழுதும்போது இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் ஒன்றை மட்டும் கட்டாயம் சேருங்கள்: அடிபட்டுப் பல வருடங்கள் கழித்துப் புதிதாக வலி வந்தாலோ, மரத்த இடம் மேலே ஏறினாலோ, கையில் பலம் குறைந்தாலோ, தண்டுவடத்துக்குள் நீர்ப்பை உருவாகியிருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்த்து எம்.ஆர்.ஐ. எடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்