வாங்கில் இருந்த பிள்ளைக்கு

அன்புள்ள மகள்,

சுகமா? இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தம்பி சோதனைக்குப் படிக்கிறேன் என்று சொல்கிறான், சொல்கிறான் அவ்வளவுதான். போனில் என்ன எழுதினாலும் நீ ஒரு பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு திரிந்ததற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். அவசரமில்லை, மெல்ல மெல்ல வாசி.

உன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் வியாழக்கிழமை ஆட்டம் எங்களுக்கு இரவு பதினொரு மணிக்குத் தொடங்கியது. விடிய எனக்கு வேலை. ஆனாலும் கடைசி வரை பார்த்தோம். அடுத்த நாள் பெரியப்பா போன் எடுத்து, "முதல் ஆட்டத்திலேயே தோத்துப் போச்சினமாம்" என்றார். நான் விடவில்லை. மேற்கு, ஒன்ராறியோ, கியூபெக், அத்திலாந்திக் என்று கனடாவின் நாலு பக்கமும் மாதக்கணக்கில் விளையாடி, கடைசியில் நாட்டுக்கே எட்டு அணிதான் வருகிறது அண்ணை, அந்த எட்டில் எங்கள் பிள்ளையின் அணியும் ஒன்று என்றேன். 88 ஆட்டம் விடாமல் வென்ற வின்னிபெக் பல்கலைக்கழகப் பெண்கள்கூட 1994இல் மனிற்றோபாப் பல்கலைக்கழகத்திடம் தோற்றார்கள் என்றும் சொன்னேன். நீ எப்போதோ சொன்னதுதான், நான் மறக்கவில்லை. அவர் பிறகு காலநிலை பற்றிக் கதைத்தார்.

நீ நன்றாக விளையாடினாய். முதல் பாதியில் உன்னைவிட உயரமான பிள்ளையை முதுகால் மறித்துவிட்டு, வளையத்தில் பட்டுத் திரும்பின பந்தை, அந்த ரீபவுண்டை எடுத்தாயே, அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். மூன்றாவது குவாட்டரில் நீ குதித்து இறங்கின இடத்தையும் பார்த்தோம். கமரா உடனே மற்றப் பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு நீ வாங்கில் இருந்தாய், காலுக்கு மேல் துவாய். அடுத்த ஆட்டத்துக்கு ட்ராக்சூட்டைக் கழற்றவே இல்லை. கோச் மற்றப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்திருப்பார் என்று அப்பா சொன்னார். சரி, அப்படியும் இருக்கலாம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நன்றாகச் சாப்பிடு, நேரத்துக்கு நித்திரை கொள். பிசியோ சொன்னதைச் செய். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் விளையாடியது வலைப்பந்து என்று உனக்குத் தெரியும். அது மென்மையான விளையாட்டு என்று நீயும் தம்பியும் சிரிப்பீர்கள். வளையத்துக்குப் பின்னால் பலகை இல்லை, பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, மறிக்கிறவள் மூன்று அடி தள்ளி நிற்கவேண்டும், சிரிக்கத்தான் செய்வீர்கள். ஆனால் பந்தோடு ஓட முடியாது என்றால் என்ன அர்த்தம்? முழு வேகத்தில் வந்து பந்தைப் பிடிக்கிறவள் பிடித்த இடத்திலேயே காலை ஊன்றி நின்றாக வேண்டும். எங்கள் அணியில் நடுவில் நின்று சென்ரர் விளையாடினவள் அப்படித்தான் ஒருநாள் பந்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். யாரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. பின்னேரம் முழங்கால் வீங்கிப் போனது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். வீக்கம் வற்றினதும் மாறிவிட்டது என்று அவளும் நம்பி மறுபடி விளையாட வந்தாள், மறுபடி விழுந்தாள். இன்றைக்கும் அவள் படி இறங்கினால் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறாள். அந்தக் காலத்தில் ஊரில் ஸ்கான் எங்கே இருந்தது? உனக்கு எல்லாம் இருக்கிறது.

வேலையில் ஒரு பிசியோப் பிள்ளை இருக்கிறாள், கெட்டிக்காரி. அவளிடம் சும்மா விசாரித்தேன். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்கிற தசைநார் ஆண்களைவிடப் பெண் பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக அறுகிறதாம், அதுவும் பெரும்பாலும் ஒருவரும் தொடாமலே, குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ. ஒப்பரேசன் செய்தால் ஒன்பது மாதத்துக்குள் விளையாட அவசரப்படவே கூடாதாம், அவசரப்பட்டவர்களுக்குத்தான் கூடுதலாக மறுபடி அறுகிறதாம். இதையும் பொதுவாகத்தான் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு ஐந்து வருடம் விளையாட உரிமை இருக்கிறது, உனக்கு இது மூன்றாவது. கணக்குப் பார்க்கத் தெரியாத அம்மா இல்லை நான். சாப்பாட்டைக் குறைக்காதே. பிசியோ சொன்னதைச் செய்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. சின்னம்மாவிடம் அரை மணித்தியாலம் கதைத்தாயாம். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டால் "சும்மா அக்கா" என்கிறாள். உன் சின்னம்மாவின் வாயில் எதுவும் தங்காது என்பது ஊருக்கே தெரியும். தம்பி சைக்கிளால் விழுந்ததை டொக்டருக்கு முதலே அவள்தான் எனக்குச் சொன்னவள். அப்படிப்பட்டவள் இந்த முறை வாயைத் திறக்கிறாள் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

விளையாடாதே என்று சொல்வேன் என்று நினைக்கிறாயோ தெரியவில்லை. 2019இல் ரொறன்ரோவில் இதே போட்டி நடந்தபோது உன்னைக் கூட்டிக்கொண்டு போனது யார்? அப்பா படிப்பு கெடும் என்றார், நான்தான் கூட்டிப்போனேன். மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் வென்றதும் நீ கொடுத்த சத்தத்தில் முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். காரேஜுக்கு மேலிருக்கும் அந்த வளையத்தைக் கழற்றட்டுமா என்று அப்பா கேட்டபோதும் நான் விடவில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

மற்றது, பரீட்சைகள் ஏப்ரலில் என்றாய். கால், சரி, உடம்பு சரியில்லாதவர்களுக்கு எழுதுவதற்கு வேறு ஒழுங்கு செய்து தருவார்களாம், கேட்டால்தான் தருவார்கள். கேள். வெட்கப்படாதே.

எனக்கு லீவு வேண்டுமென்றால் இரண்டு கிழமைக்கு முதலே எழுதிக் கொடுக்கவேண்டும். ஸ்கானுக்கோ வேறு எதற்குமோ திகதி தந்திருந்தால் திகதியை மட்டும் அனுப்பு. ஏன், எதற்கு என்று நான் கேட்கமாட்டேன். டிக்கெட்டை அப்பா பார்த்து வைத்திருக்கிறார்.

அம்மா