பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேம்: அளந்து பார்த்து வாங்குங்கள்

ஆசிரியருக்கு,

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஆபீஸில் கழித்த சின்ன டெஸ்க்டாப்பைப் பிள்ளைகளின் கேமுக்காக வாங்குவோர் முதலில் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இடைஞ்சல் பவர் சப்ளைதான். டெல் ஆப்டிப்ளெக்ஸ் 9020 சிறிய மாடலில் அது 255 வாட். கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி ஒயர் கிடையாது; கார்டைச் செருகும் ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். மதர்போர்டு கனெக்டரும் வழக்கமானதல்ல என்பதால் கடையில் கிடைக்கும் சப்ளையை நேராக மாட்ட முடியாது.

கார்டு அரை உயரத்தில், பெட்டியின் பின்பக்கம் திருகும் குட்டைத் தகடோடு இருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650 நல்ல தேர்வு. ஆனால் இரண்டு ஸ்லாட் தடிமன், சில பெட்டிகளில் சப்ளையில் இடிக்கும். ஆர்எக்ஸ் 6400 ஒற்றை ஸ்லாட்டிலும் வருகிறது, 53 வாட்தான். ஆனால் தகவல் போய்வரும் பாதை (லேன்) நான்கு மட்டுமே உள்ளதால் பழைய போர்டில் வேகம் குறையும். பிராசஸர் இரண்டாம் தலைமுறை ஐ5 என்றால் இந்தக் கார்டு வேண்டவே வேண்டாம்.

ஒரே 8 ஜிபி ராமுக்குப் பதில் இரண்டு 8 ஜிபி போடுங்கள். எஸ்எஸ்டி கேமைச் சீக்கிரம் திறக்கும், பிரேம் (நொடிக்குக் காட்டும் படங்களின் எண்ணிக்கை) கூட்டாது. பிராசஸர் சூட்டைக் கடத்தப் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வேறு முனைகளை அரிக்கும். ராம் முனைகளைத் துடைக்காமல் கார்டைக் குறை சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை