லாங்கு பஜார்ல பாத்த அந்த பெரியவருக்கு நன்றி

வேலூர் லாங்கு பஜார்ல பழைய பாத்திரக் கடை ஒண்ணுல, குத்துவிளக்குங்க நடுவுல ஒரு செப்பு மெடல் கெடச்சுது, ஒரு பக்கம் இங்கிலாந்து கடற்படைத் தளபதி நெல்சன் தலை, இன்னொரு பக்கம் பாய்மரக் கப்பல், ஓரத்துல மட்டும் வெளிர்பச்சையா பவுடர் மாதிரி பூத்திருந்துச்சு. கடைக்காரரு பளபளன்னு ஆக்கித் தரேன்னு புளிய எடுத்துகினு வந்துட்டாரு.

அப்போ சொம்பு வாங்க வந்த ஒரு பெரியவர் "புளி வைக்காதபா, அந்த பழுப்பு நெறம் போச்சுன்னா மதிப்பே போச்சு"ன்னு கையப் புடிச்சி தடுத்தாரு. அப்புறம் நின்னுகினே கதை சொன்னாரு பாருங்க! 1798ல கடல்ல எறக்குன ஃபூட்ராயன்ட், நெல்சனோட கொடிக்கப்பல் (தளபதி ஏறி வர்ற தலைமைக் கப்பல்), 1897ல பிளாக்பூல் கரையில புயல்ல ஒடஞ்சிடுச்சாம், அதுலேந்து எடுத்த செம்புலதான் இந்த மெடல அடிச்சாங்களாம். அதுக்கு பதிலா அதே பேர் வச்ச கப்பல் எது தெரியுமா, 1817ல நம்ம பம்பாயில தேக்குல கட்டுன டிரிங்கோமலி! இப்ப மறுபடியும் டிரிங்கோமலிங்கற பழைய பேரோடயே இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ல நிக்குது.

பச்சைப் பவுடர மரக்குச்சியால மெதுவா எடுத்துட்டு, டிஸ்டில்டு வாட்டர்ல அலசி நல்லா காய வைக்கணும், பிவிசி கவர்ல மட்டும் போடவே கூடாதுன்னாரு. ஈரம்தான் எதிரியாம், அதுல நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு கும்பிடு.

பேர் கேக்கறதுக்குள்ள ஆரணி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாரு. ஐயா, ரொம்ப நன்றிங்க, இத பாத்தீங்கன்னா ஒரு மெசேஜ் போடுங்க, உங்ககிட்ட காட்ட இன்னும் ரெண்டு மெடல் வச்சிருக்கேன்.