ஞாயிறு ஸ்கேன் பணி: வரும் முன் படித்துவிடுங்கள்

உறவுகளே, ஊர் வரலாற்றுக்காக ஞாயிறு காலை 9 மணிக்குப் பழைய படங்கள், பேரேடுகள், பர்மா, மலாயாக் கடிதங்களை ஸ்கேன் செய்கிறோம். அசல் அன்றே உங்கள் கைக்கு வந்துவிடும்.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்காதீர்கள், முகமே உரிந்துவிடும். சட்டத்தோடு கொண்டு வாருங்கள். இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து கேமராவில் எடுத்துக்கொள்ளலாம். கிழிந்த தாளுக்கு செலோடேப் வேண்டவே வேண்டாம். பசை மஞ்சளித்துத் தாளில் இறங்கினால் எடுக்க முடியாது. லேமினேஷனும் கூடாது.

கடித உறையைத் தூக்கி எறியாதீர்கள். ‘சுக்கில வருஷம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1869-ஆகவும் இருக்கலாம், 1929-ஆகவும் இருக்கலாம். 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர்தானே! தபால்தலையில் விக்டோரியா ராணியா, ஐந்தாம் ஜார்ஜா என்று பார்த்தால் தீர்ந்தது.

ஆச்சிகளையும் ஐயாக்களையும் அவசியம் அழைத்து வாருங்கள். படத்தில் யார் யார் என்று அவர்கள் சொல்வதை, அனுமதி கேட்டு, போனில் பதிவு செய்வோம். பெயரைப் படத்தின் பின்புற ஓரத்தில் பென்சிலால் மட்டும் எழுதவும். பேனா மை முன்பக்கம் ஊறும்.

வீடு கட்டிய கொத்தனார், ஆசாரி, விசேஷங்களுக்குச் சமைத்தவர்கள் குடும்பத்துப் படங்களும் கட்டாயம் வேண்டும். பெரிய வீட்டு முகப்பு மட்டும் ஊர் வரலாறு ஆகாது.

வெளியூரில் இருப்பவர்கள் இந்தக் குழுவில் போன் வழியாக அனுப்பும்போது ‘டாக்குமெண்ட்’ஆக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி).