மூக்குக்கும் பயிற்சி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வைரஸ் காய்ச்சல் போன பின்னும் வாசனை திரும்பாமல் தவிப்பவர்கள் எங்கள் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். என் பெரியம்மா மாங்காய் மண்டியில் காம்போரம் முகர்ந்தே பழத்தின் பதம் சொல்பவர். இப்போது செந்தூராவும் அல்போன்சாவும் அவருக்கு ஒன்றுதான். பால் திரிந்தாலும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. "உசுரோட இருக்கியே, அது போதாதா" என்கிறார்கள் உறவுக்காரர்கள். போதாது.

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சிலவற்றைத்தான் நாக்கு அறியும். மீதி ருசி பெரும்பாலும் மூக்கின் வேலை. வாசனை நரம்பு செல்கள் மீண்டும் வளரக்கூடியவை. ஜெர்மனி மருத்துவர் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட பயிற்சி எளிது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் வாசனைகளைக் காலையும் மாலையும் கவனமாக முகர வேண்டும், 12 வாரம். எல்லோருக்கும் முழுதாகப் பலிப்பதில்லை. ஆனாலும் செலவு சொற்பம். நடுவில் நல்ல காபியே கருகல் நாற்றம் அடிப்பதுபோல் தோன்றினால், பயந்து பயிற்சியை விட்டுவிடக் கூடாது. மீண்டு வரும்போது பலருக்கு அப்படி ஆவதுண்டு.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வரும் அந்த ஊழியர்கள் இதையும் ஒரு வார்த்தை விசாரித்து, பயிற்சியைச் சொல்லித்தரவும், தேவைப்பட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பவும் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகி, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்